சுக்கானுக்கு ஏற்ற மரம்

கப்பலின் பின்புறத்தே நீருக்குள் நின்று அதன் போக்கை மாற்றும் பலகைக்குச் சுக்கான் என்று பெயர். மோட்டார்க் காரில் சாரதியின் நெஞ்சுக்கு நேரே நிற்கும் வட்டத்துக்கும் இலங்கைத் தமிழர் அதே பெயரைத்தான் இட்டிருக்கின்றனர். சுக்கான் என்பது அறபுச் சொல். அறபுக் கடலோடிகளோடு கீழைக் கரைகளுக்கு வந்து, தமிழிலும் மலையாளத்திலும் தங்கிவிட்டது. சிங்களமும் அதனை ஏற்றுச் 'சுக்கானம' என வழங்குகிறது. நீரிலே பிறந்த சொல் நிலத்தில் ஏறிவந்த கதை இது. திருகோணமலையின் உட்துறைமுகத்திலே மீன்வள்ளத்தின் பின்புறத்தில் அமர்ந்திருப்பவரும், கரையோர வீதியிலே பழைய எம்.ஜி. கார் ஒன்றை மெல்ல உருட்டிச் செல்பவரும், எம்மொழியினராயினும், கையிலே பிடித்திருப்பது சுக்கானைத்தான்.

இலக்கியப் பக்கத்திலே மோட்டார்க் காரின் உறுப்பொன்றுக்கு என்ன வேலை என்று ஆசிரிய நண்பர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். தேர்செய் தச்சனைச் சங்கப் புலவர் உவமையாக்கிப் பாடியபோது எவரும் முகம் சுளிக்கவில்லை. அன்றியும், பழைய பந்தயக் கார் ஒன்றுக்கு மரச் சுக்கான் செய்து பொருத்துவது என்பது தச்சன் அறிவும், கொல்லன் அறிவும், கடற்காற்றைப் பற்றிய அறிவும் ஒருங்கே கூடவேண்டிய வேலை. அவ்வேலைக்கு மிகப் பொருத்தமான மரங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி உலகச் சந்தையில் உலவியது. அதனை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

முதலிலே சக்கரத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். தொடக்கத்தில் கப்பலுக்கும் சக்கரம் இருக்கவில்லை, காருக்கும் இருக்கவில்லை. சுக்கான் பலகையின் தலையிலே செருகிய நீண்ட தடியொன்றை இடமும் வலமும் தள்ளியே மாலுமிகள் கலத்தைத் திருப்பினர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் பெருங்கப்பல்களில் ஆரக்கால்களோடு கூடிய மரச்சக்கரம் தோன்றியது. சக்கரத்தின் உருளையிலே கயிற்றைச் சுற்றி, கப்பிகளின் வழியாக அதனைக் கீழ்த்தளத்துத் தடியோடு பிணைத்தார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து நிலத்திலும் இதே கதை நடந்தது. 1886 ஆம் ஆண்டுக் கார்ல் பென்ஸின் மூன்று சில்லு வண்டியில் கையாற் திருப்பும் ஒரு சிறு பிடியே இருந்தது. 1894 இல் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் அல்பிரெட் வஷெரோன் என்பவர் தமது பனார் காருக்குத் தடியை நீக்கிச் சக்கரம் பூட்டி வந்தார். காரிலே சக்கரம் பூட்டிய முதல் முயற்சிகளுள் அது ஒன்று. வேகம் கூடக் கூடத் தடி ஆபத்தாயிற்று. குழியொன்றில் சில்லு விழுந்தால் தடி கையை உதறிவிட்டு ஓடும். சக்கரமோ அந்த உதறலைச் சுற்றாகப் பரப்பிக் கையின் பிடியில் நிற்கும்.

கப்பற் சக்கரத்திலே ஒரு நுட்பம் உண்டு. ஆரக்கால்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்று மாத்திரம் வேறாக இருக்கும். அதனை அரச ஆரக்கால் என்று ஆங்கில மாலுமிகள் அழைத்தனர். அதன் தலையிலே கயிற்று முடிச்சொன்றைப் பின்னியிருப்பர். அல்லது வரிகள் செதுக்கியிருப்பர். அந்த ஆரக்கால் நேர்மேலே நின்றால் சுக்கான் நடுவில் நிற்கிறது என்று பொருள். கும்மிருட்டிலும் மழையிலும் கண்ணாற் பார்க்க வேண்டியதில்லை, கைக்குத் தெரியும். காருக்குப் புதிய சுக்கான் பொருத்துபவரும் முதலிற் செய்யவேண்டியது இதுவேதான். அதற்குப் பின்னர் வருவோம்.

மரச் சுக்கானைக் கழற்றி வேறிடத்திற் பொருத்திய கதைகளுள் மிகப் புகழ்பெற்றது ஒன்று உண்டு. அது திருகோணமலையின் பெயரோடு சுற்றுவழியாகத் தொடர்புடையது என்பதுதான் வியப்பு. 1812 டிசம்பர் 29 ஆம் திகதி, பிறேசில் கரைக்கு அப்பால், அமெரிக்கப் போர்க்கப்பலான கொன்ஸ்டிற்றியூஷனும் பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஜாவாவும் மோதின. ஜாவாவின் குண்டு அமெரிக்கக் கப்பலின் சக்கரத்தைச் சிதறடித்தது. கொன்ஸ்டிற்றியூஷன் செயலற்றுப் போகவில்லை. தலைவர் வில்லியம் பெயின்பிறிட்ஜ் கீழ்த்தளத்துத் தடியிலே கயிறுகளைப் பூட்டச் செய்து, மேலிருந்து கட்டளையை வாய்வழியே இறக்கி, மாலுமிகளைக் கொண்டு இழுப்பித்துக் கப்பலைத் திருப்பினார். சண்டை முடிந்தபோது ஜாவா பாய்மரம் இழந்த வெறுங்கட்டையாய்க் கிடந்தது. அதனை எரித்து மூழ்கடிக்குமுன் அதன் சக்கரத்தைக் கழற்றி எடுத்துத் தம் கப்பலிற் பூட்டிக்கொண்டார்கள் அமெரிக்கர். தோற்றவனின் சுக்கானைப் பிடித்தபடி வென்றவன் வீடு திரும்பினான்.

ஜாவாவோடு அழிந்தவற்றுள் ஒரு கட்டுச் சித்திரங்களும் இருந்தன. பம்பாய்த் துறையிலே கட்டவிருந்த புதிய போர்க்கப்பல் ஒன்றின் அமைப்புப் படங்கள் அவை. மறுபடி படி எடுத்து அனுப்பவேண்டியதாயிற்று. தாமதத்தின் பின் 1816 இல் அக்கப்பலுக்கு அடிமரம் இட்டனர். பார்சி வழக்கப்படி வெள்ளி ஆணியொன்று அடிமரத்தில் அறையப்பட்டது. கட்டியவர் வாடியா குடும்பத்துக் கப்பற் தச்சர் ஜம்செட்ஜி பொமன்ஜி. மரம் மலபார்த் தேக்கு. இங்கிலாந்திலே ஓக் மரம் அருகிவிட்டிருந்த காலம் அது. 1817 ஒக்டோபர் 12 ஆம் திகதி நீரில் இறங்கிய அக்கப்பலின் பெயர் ட்ரிங்கோமலி. ஆம், நமது திருகோணமலைதான். இன்றும் அது வட இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையிலே மிதந்துகொண்டிருக்கிறது.

நிற்க. காரில் மரச் சுக்கான் புதிதன்று. ஆதிகாலக் கார்களிற் பலவற்றுக்கு மரவட்டமே இருந்தது. குதிரை வண்டி கட்டிய பட்டறைகளே காரின் உடலையும் கட்டியதால் மரம் இயல்பாக வந்து சேர்ந்தது. பின்னர் கடினமான இறப்பரும், பேக்கலைட்டும், பிற பிளாஸ்டிக் வகைகளும் மரத்தை ஓரங்கட்டின. அச்சிலே வார்த்தெடுப்பது எளிது, விலையும் மலிவு. ஆனால் 1950களிலே மரம் பந்தயக் களத்தின் வழியாகத் திரும்பி வந்தது. இத்தாலியரான என்றிக்கோ நார்டி தாமே பந்தயம் ஓட்டியவர், பொறியியலாளர். மெல்லிய அலுமினியத் தகட்டிலே ஆரக்கால்களை வெட்டி, அதன் விளிம்பின் இருபுறமும் மெருகிட்ட மரத்தைப் பொருத்தித் தறையாணி அடித்து அவர் ஆக்கிய சுக்கான் பந்தயக்காரரின் கண்ணையும் கையையும் ஒருசேரக் கவர்ந்தது. இங்கிலாந்திலே லெஸ் லெஸ்டன், மோட்டோ-லிட்டா முதலிய பெயர்களோடு அதே பாணிச் சுக்கான்கள் வந்தன.

இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. அக்காலச் சிறு பந்தயக் கார்களிலே வீதியின் ஒவ்வொரு கல்லும் சுக்கான் தண்டின் வழியே உள்ளங்கைக்கு ஏறிவரும். மரம் அந்த நடுக்கத்தின் கூர்மையைச் சற்று விழுங்கிக் கொள்கிறது. செய்தியைத் தருகிறது, குத்தலைத் தருவதில்லை. வெயிலில் நின்ற காரிலே இரும்பைத் தொட முடியாது, மரத்தைத் தொடலாம். வியர்த்த கையிலும் நன்கு செதுக்கிய மரவட்டம் வழுக்குவது குறைவு. எனினும் பந்தயக்காரரே நாளடைவில் மரத்தைக் கைவிட்டுத் தோலுறை வட்டத்துக்கு மாறினர் என்பதையும் மறைக்கலாகாது. மோதலிலே மரம் பிளந்தால் சிராய்கள் ஈட்டிகளாகும்.

இலங்கையிலே இந்த ஆசைக்கு வேறொரு காரணமும் உண்டு. கார்ப் பந்தயம் இத்தீவுக்குப் புதிதல்ல. நுவரெலியாவின் மகாகாஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1930களிலேயே தொடங்கிவிட்டது. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளமாயிருந்த கட்டுக்குருந்தையிலே, யுத்தம் ஓய்ந்தபின் ஓடுபாதையிற் கார்கள் ஓடின. எம்.ஜி., ட்ரயம்ப், ஒஸ்டின்-ஹீலி என்று இங்கிலாந்துப் பட்டறைகளின் சிறு கார்கள் அக்காலத்து இளைஞரின் கனவாக இருந்தன. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு வந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை உள்ள காரைக் காப்பாற்றுவதே வழி என்றாயிற்று. கண்ணுக்கெட்டாத உதிரிப் பாகத்தை ஊர்க் கொல்லர் செய்தார். லேத் பட்டறைக்காரர் கடைந்தார். அந்நாட்களில் எறிந்துவிடப்படாமற் பிழைத்த கார்கள்தாம் இன்று பழம்பெருமை பேசி நிற்கின்றன. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி மறுபடி நின்று, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி திறந்தபோது, பழையதைப் பேணும் கலை எவ்வளவு அவசியம் என்பதை நாடு இரண்டாம் முறை உணர்ந்தது.

அக்கார்களின் பழைய கறுப்புச் சுக்கான்களை நம் வெயில் பதம்பார்த்துவிட்டது. உள்ளே இரும்புக் கம்பி; வெளியே இறுகிய பிளாஸ்டிக். ஆண்டுகள் செல்லச் செல்லப் பிளாஸ்டிக் சுருங்கி வெடிக்கிறது. வெடிப்பின் வழியே கடற்காற்றின் உப்பு உட்புகுந்து இரும்பைத் தின்கிறது. பிளாஸ்டிக் நாடாவை இறுகச் சுற்றி ஓட்டுவது நம்மூர் வழக்கம். நாடா வெடிப்பை மறைக்கும், துருவை நிறுத்தாது. இந்நிலையில்தான் காருடையவர் மரச் சுக்கானை நினைக்கிறார்.

மரத்துக்கு எங்கே போவது? திருகோணமலையிலிருந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்பது கொல்லன் தெருவில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும். கொட்டியாரக் குடாவின் பெயரை ஆங்கிலேயர் நூலேற்றியதே ஒரு மரத்தின் பொருட்டுத்தான். 1659 நவம்பரிலே புயலில் பாய்மரம் இழந்த ஆன் என்னும் கப்பல் புதுமரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. கண்டி அரசனின் ஆட்கள் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் பிடித்துச் சென்றனர். தந்தை சிறையிருப்பிலேயே மாண்டார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1679 இல் தப்பி, 1681 இல் நூலெழுதினார். பாய்மரம் ஒன்று தேடி வந்ததன் விலை அது.

கப்பலுக்கும் வண்டிக்கும் உகந்த மரமொன்று இப்பகுதிக் காடுகளில் வளர்கிறது. சிங்களத்தில் ஹல்மில்ல, தமிழிலே சாவண்டலை என்பர். தாவரவியலார் அதற்குப் பெர்ரியா என்று பெயரிட்டனர். சென்னையில் வாழ்ந்த அன்ட்ரூ பெர்ரி என்னும் மருத்துவரின் நினைவாக. ஆங்கில வணிகரோ அதனை ஒரே பெயராற்தான் அறிந்தனர்: திருகோணமலை மரம். பீப்பாய்ப் பலகை, வண்டியின் ஏர்க்கால், ஆரக்கால், கருவிப்பிடி என்று அதன் பயன்கள் பல. எமர்சன் தெனன்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை நூலிலும் அதன் புகழைக் காணலாம். எல்லாவற்றிலும் சிறப்பு, சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கு அது உகந்ததாயிருந்தமையே. துறைமுகம் கட்டப்படுமுன் சென்னையில் இறங்கிய ஒவ்வொருவரும் பேரலையினூடே அப்படகிலேதான் கரைசேர்ந்தனர். அதற்கு ஆணி இல்லை. பலகையைப் பலகையோடு கயிற்றாற் தைத்திருப்பர். அலை அறையும்போது படகு முறுகிக் கொடுக்கவேண்டும். விறைத்து நிற்கும் பலகை பிளந்துபோகும். திருகோணமலை மரம் வளைந்து கொடுக்கும், பின் தன் நிலைக்கு மீளும். நேரான நாரோட்டமும் உறுதியும் உடையது. வைரம் செங்கபில நிறம். சுக்கான் வட்டத்துக்கு வேண்டிய குணங்கள் வேறென்ன? ஐரோப்பியர் மகோகனியையும் வால்நட்டையும் பயன்படுத்தினர் என்பதற்காக நாமும் அவற்றை விலைகொடுத்துத் தருவிக்கவேண்டியதில்லை. கருங்காலி அழகுதான், ஆனால் நொறுங்கும். முதிரை மினுங்கும், ஆனால் செதுக்குவோன் கையை வருத்தும். என் தீர்ப்பு சாவண்டலைக்கே. மரத்தை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதால், பழைய வண்டி அல்லது பழைய வீட்டு மரம் கிடைக்குமாயின் இன்னும் நன்று. அது பல ஆண்டு உலர்ந்தும் இருக்கும்.

இனிச் செய்முறை. அகலமான பலகையொன்றை எடுத்து வட்டமாக அறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர் மாட்டுவண்டிச் சில்லை உற்றுப் பார்க்காதவர். ஒரே பலகையில் அறுத்த வளையத்தில் இரண்டிடங்களில் நார் வட்டத்தோடு ஓடும். வேறு இரண்டிடங்களில் வட்டத்துக்குக் குறுக்கே ஓடும். குறுக்கே ஓடுமிடத்தில் கையால் முறித்துவிடலாம். அதனாற்தான் வண்டித் தச்சர் வட்டையைத் துண்டு துண்டாகச் செய்து இணைத்தனர். ஒவ்வொரு துண்டிலும் நார் வளைவோடு இசைந்து போகும். சுக்கானுக்கும் அதே விதி. ஆறு அல்லது எட்டுத் துண்டுகளை ஒரு வரிசையாக ஒட்டி, அதன்மேல் இரண்டாம் வரிசையை வைக்கும்போது, செங்கற் சுவரிற் போல மூட்டின்மேல் மூட்டு வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி, இரண்டு மூன்று மில்லிமீற்றர்க் கனத்திற் சீவிய நீண்ட கீற்றுகளை அச்சொன்றைச் சுற்றி வளைத்துப் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டுவது. வளையும் மரமாகிய சாவண்டலைக்கு இந்த இரண்டாம் வழி இயல்பாகப் பொருந்தும். கண்ணாடியிழை வள்ளம் செய்வோர் கையாளும் இருகூற்று எபொக்சிப் பசை நீருக்கு அஞ்சாது. துறைமுகத்தூரில் அதைத் தேடி அலையவும் வேண்டியதில்லை.

மரவட்டம் தானாக நிற்பதன்று. அதன் நடுவே உலோக வளையம் ஓடவேண்டும். வளையமும் ஆரக்கால்களும் ஒரே தகட்டில் வெட்டப்பட்டிருக்கவேண்டும். மரம் பிளந்தாலும் கையில் முழு வட்டமொன்று மிஞ்சுவதற்கு இதுவே காப்பு. தகடின்றி மரத்தால் மட்டும் செய்த சுக்கானைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், காரிற் பூட்டக்கூடாது. வட்டத்தின் அளவையும் ஆசைக்கு விட்டுவிடலாகாது. பழைய கார்களிலே சாரதிக்குத் துணைசெய்யும் இயந்திர விசை எதுவும் இல்லை. தோளின் வலிதான் விசை. 16 அங்குல விட்டமுள்ள சுக்கானை நீக்கி 14 அங்குலத்தைப் பூட்டினால், திருப்புவதற்கு ஏழில் ஒரு பங்கு அதிக வலி வேண்டும். நிற்கும் காரைச் சந்தை நெரிசலில் திருப்பிப் பார்த்தவருக்கு இக்கணக்கு உடனே விளங்கும்.

வட்டத்துக்கும் தண்டுக்கும் நடுவே ஓர் உறுப்பு உண்டு. கராஜ்காரர் 'பொஸ்' என்பர். வண்டித் தச்சரின் சொல்லில் அது குடம். சுக்கான் தண்டின் தலையிலே நீளவாக்கில் நுண்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். குடத்தின் உட்புறத்துப் பற்கள் அவற்றோடு விரலோடு விரல் கோத்ததுபோற் பொருந்தவேண்டும். பற்களின் தொகையும் பருமையும் காருக்குக் கார் வேறு. மரவேலையில் ஊர்க் கைவண்ணம் எவ்வளவும் காட்டலாம். குடத்தில் காட்டக்கூடாது என்பதே இவ்விடயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது. ஒத்த பற்கள் கிடைக்கவில்லையென்று துவாரத்தை அரத்தால் அராவி, இடைவெளிக்குத் தகட்டுத் துண்டு செருகி, மேலே ஒட்டுக் காய்ச்சி வைத்த குடம், நூறு திருப்பம் தாங்கும். நூற்றோராவது திருப்பத்தில் வட்டம் சுழலும், சில்லு சுழலாது. குடத்தின் முகத்திலுள்ள ஆறு துளைகளுக்கும் இது பொருந்தும். நார்டி சுக்கானில் அவ்வாறு துளைகளும் 74 மில்லிமீற்றர் விட்ட வட்டத்தில் நிற்கின்றன. மோமோ சுக்கானில் 70. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். நான்கு மில்லிமீற்றர்தானே என்று துளையை நீளமாக்குபவர், திருகாணிகள் தாங்கவேண்டிய சுமையை வெறும் உராய்வின் தலையில் ஏற்றுகிறார்.

பொருத்தும் நாளன்று முதலிற் பற்றரியின் இணைப்பைக் கழற்றுக. ஹோன் கம்பி சுக்கானின் நடுவிலேதான் இருக்கிறது. முன்சில்லுகள் நேரே பார்க்கும்படி காரை நேர்த்தரையில் உருட்டி நிறுத்திய பின், தண்டின் தலையிலும் பழைய குடத்திலும் நேர்க்கோடாக ஓர் அடையாளம் இடவேண்டும். முன்பு சொன்ன அரச ஆரக்கால் இதுதான். அடையாளமிடாமற் கழற்றியவர், புதுச் சுக்கானை ஒரு பல் இடமாகவோ வலமாகவோ பூட்டிவிட்டுக் கார் ஒருபக்கம் இழுக்கிறதென்று சில்லுகளைக் குறைகூறித் திரிவார். நடு நட்டைத் தளர்த்தலாம், முழுதும் கழற்றக்கூடாது. இரண்டு மூன்று புரிகளிலே அதை நிற்கவிட்டு, அதன்பின் சுக்கானை அசைத்து அசைத்து இழுக்கவேண்டும். பல்லாண்டு துருவேறி இறுகியிருந்த சுக்கான் விடுபடும்போது முன்னறிவிப்பின்றி விடுபடும். நட்டைக் கழற்றிவிட்டு முழு வலியோடு இழுத்தவரின் முன்பற்களை அது கேட்கும். அசைந்து கொடாவிட்டால் இழுக்கும் கருவியைப் பூட்டவேண்டும். சம்மட்டியால் தண்டின் தலையில் அடிப்பது நம் கராஜுகளில் நான் பலமுறை கண்ட காட்சி. 1968 முதல் அமெரிக்கச் சட்டம் மோதலின் தாக்கம் தாங்கும் தண்டுகளைக் கட்டாயமாக்கியதன் பின், மோதலில் மடங்கிச் சுருங்கும் தண்டுகள் பரவின. அவற்றுட் பலவற்றின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் முளைகளே பிடித்து நிற்கின்றன. சம்மட்டி அம்முளைகளை முறித்துவிடும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. அதற்கு முற்பட்ட கார்களில் தண்டு ஒரே இரும்பு. சாரதியின் மார்பை நோக்கிய வேல் என்றே சொல்லலாம். மரச் சுக்கான் பூட்டிய காரைத் திருவிழாவுக்கும் ஞாயிறு மாலை உலாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கண்டி வீதியில் பஸ்களோடு போட்டியிட எடுத்துச் செல்லாதீர்கள் என்று நான் சொல்வது இதனாற்தான். காற்றுப்பை பூட்டிய இக்காலக் கார்களில் சுக்கானைத் தொடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

புதுக் குடத்தை ஏற்றும்போது சிக்னல் விளக்கைத் தானே அணைக்கும் சிறு நாக்கு அதற்குரிய பள்ளத்தில் விழுகிறதா என்று பார்க்கவேண்டும். நட்டை அந்தக் காருக்குரிய கையேட்டிற் குறித்த அளவுக்கு இறுக்கவேண்டும். 'கைக்கு இறுக்கம் தெரிந்தது' என்பது அளவல்ல. பின்னர் சில்லுகளை முழு இடமும் முழு வலமும் திருப்பி, வட்டம் எதிலும் உரசாமையையும், ஹோன் எந்நிலையிலும் ஒலிப்பதையும் காணவேண்டும். வட்டத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஒரு மயிரிழையும் அசையலாகாது.

இவ்வூரிலே இவ்வளவோடு வேலை முடிவதில்லை. வைகாசி முதல் கச்சான் காற்று வீசும். மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஐப்பசி பிறக்க வாடையும் மழையும் வரும். மரம் மறுபடி ஊதும். மரம் நாரின் நீளத்தில் மாறுவதில்லை, குறுக்கேதான் மாறும். ஆதலால் வட்டத்தின் கனம் ஆண்டுக்கொருமுறை மூச்சுவிடுவதுபோலப் பெருத்துச் சிறுக்கும், தறையாணிகளைச் சுற்றி நுண்ணிய வெடிப்பு ஓடும். தளபாடத்துக்குப் பூசும் வார்னிஷ் இங்கே ஓராண்டும் தாங்காது. படகின் மரத்துக்குப் பூசும் வார்னிஷை, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அரத்தாளால் மெல்லத் தேய்த்து, ஐந்தாறு பூச்சுப் பூசவேண்டும். அலுமினியத் தகட்டிலே இரும்புத் திருகாணி ஏறுமிடத்தில் உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்னரிப்பு உண்டாகி, அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். 1957 ஒக்டோபரில் பிரிட்டிஷார் ஒப்படைத்துச் சென்ற கடற்படைத் தளத்தின் பட்டறைகளில் வேலை பழகிய தலைமுறைக்கு இது பாலபாடம். திருகாணிக்குக் கிறீஸ் பூசாமல் அவர்கள் எதையும் பூட்டியதில்லை. வாடைக்கு முன் ஒருமுறை, கச்சானுக்கு முன் ஒருமுறை ஆறு திருகாணிகளையும் சோதித்துக்கொண்டால் போதும்.

கழற்றிய பழைய சுக்கானை என் செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. பழைய இரும்புக்கு நிறுத்துப் போடுபவரே அதிகம். ஹார்ட்டில்பூலில் மிதக்கும் கப்பலின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. 1897 இல் அதனை வாங்கியவர் பழைய பெயரை நீக்கி 'பூட்றோயன்ற்' என்று பெயரிட்டார். பயிற்சிக் கப்பலாகத் தொண்ணூறு ஆண்டுகள் அது அப்பெயரோடு வாழ்ந்தது. 1987 இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, உளுத்த மரத்தை நீக்கி, நல்ல மரத்தைக் காத்து, பிறந்த பெயரை 1992 இல் மீட்டுக் கொடுத்தனர். திருப்பணி 2001 இல் நிறைவெய்தியது. சுக்கானும் அவ்வாறே மீளக்கூடியது. வெடித்த பிளாஸ்டிக்கைச் சுரண்டி, துருவை அகற்றி, எபொக்சியால் நிரப்பி மறுபடி கறுப்புப் பூசும் வேலையை எவரேனும் ஒருநாள் செய்யலாம். ஆகவே இரும்புக்கு எண்ணெய் தடவி, சீலையிற் சுற்றி, காரின் இலக்கத்தையும் கழற்றிய திகதியையும் கடதாசியில் எழுதிக் கட்டி, உப்புக்காற்றுப் படாத அலுமாரியில் வைத்துவிடுங்கள். கார் கைமாறும் நாளில் விபரம் தெரிந்தவர் மரச் சுக்கானைத் தடவிப் பாராட்டிவிட்டு, அடுத்தபடியாகக் கேட்பது அந்தப் பொட்டலத்தைத்தான்.